ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாவது மீட்டரின் மனு

எங்கள் மில்லில், துணியில் விழும் குறைகள் திங்கள்கிழமைதோறும் மனு கொடுக்கும். காலை பத்து மணிக்கு, கேன்டீனை ஒட்டிய ஹாலில் கூட்டம். நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் திங்கள்கிழமை நான்கு மனுதாரர்கள் வந்திருந்தார்கள். இரண்டு எண்ணெய்க் கறைகள், ஒரு ஓட்டை, நீளவாக்கில் ஓடி நடுவில் அறுந்துபோன பாவு நூல் ஒன்று. நால்வரும் அவரவர் துணித் துண்டோடு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஹாலில் நாற்பது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த நாற்காலிகளைப் பார்த்துத்தான்.

"ஏன் சார், இவங்களை உட்காரச் சொல்லக் கூடாதா?" என்று மேனேஜர் ரத்தினவேல் சாரிடம் கேட்டேன்.

"ஓட்டைக்கு எதுக்கம்மிணி நாற்காலி?"

"சரி, கறைக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கறை உக்காந்தா எந்திரிக்காது," என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா? ஆனால் அன்றைக்கு எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு வாரம் ஒரு மில்லில் இருந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். துணி நெய்யப்படும்போதே கேமரா வைத்து அதன் தரத்தைக் கவனிப்பது என் தலைப்பு. பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மில்லில் அது நடக்கிறது என்று சொன்னார்கள், வந்தேன்.

இங்கே இருபத்து நான்கு தறிகள். ஆறு தறிக்காரர்கள், ஆளுக்கு நான்கு தறி. நெய்த துணி சுருளாகச் சுற்றப்படுவதற்கு முன்னால் ஒரு நீள விளக்குக்கு மேலே ஓடும். அதற்கு நேர் மேலே கேமரா இருக்கும். எல்லாக் கேமராக்களும் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். அதாவது இடங்கள் இருபத்து நான்கு, பார்வை ஒன்று. அந்தப் பார்வையைத் தறிக்காரர்கள் 'கண்ணு' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் அப்படித்தான் என்பதால் அதுவும் கூப்பிட்டால் பச்சை விளக்கைக் காட்டும்.

கண்ணுக்கு ஆரம்பத்தில் ஒன்பதாயிரம் படங்கள் காட்டினார்கள். எல்லாம் நல்ல துணியின் படங்கள். இதைப் போல இருப்பது துணி, இதைப் போல இல்லாதது குறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். திரையில் வரும் வார்த்தைகளையெல்லாம் தமிழில் போட்டுத் தந்தவர் ஆபீசில் இருக்கும் சுலோச்சனா மேடம். அவர் மில்லுக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் கலெக்டர் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து மனு டைப் செய்து கொடுத்தவர். 'குறை' என்று ஒன்றைப் போட்ட பிறகு மனு இல்லாமல் எப்படி? மனு என்றால் மனுதாரர். மனுதாரர் என்றால் ரசீது. ரசீது கொடுத்தால் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். மேடம் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. மூன்றே நாளில் அத்தனையையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கண்ணு ஒரு குறையைப் பார்த்தால், அதற்கு ரசீது கொடுத்துத் திங்கள்கிழமை வரச் சொல்லும்.

விசாரணை என்ற பெயரில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரத்தினவேல் சார் மனுவை வாங்குவார். மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார். 'ஏற்க இயலவில்லை' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு வைத்திருந்தார், அதைக் குத்துவார். அடுத்த அறையில் கத்தரி. குறைக்கு அந்தப் பக்கம் பத்து சென்டிமீட்டர், இந்தப் பக்கம் பத்து சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவார்கள். நான்கு மனுவுக்கும் சேர்த்து ஆறு நிமிடம் ஆனது.

"நீங்க படிக்கவே இல்லை சார்," என்றேன்.

"எல்லாம் ஒண்ணேதானம்மிணி கேக்குது. வெட்டாதீங்கங்குது."

"அந்த ஓட்டை என்ன கேட்டிருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் மனுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. நடுவில் மட்டும் வட்டமாகக் கிழிந்திருந்தது. சார் அந்த வட்டம் வழியாக என்னைப் பார்த்தார்.

"சேரி. அடுத்த வாரத்துல இருந்து இவுங்க பக்கம் நீ பேசு," என்றார்.

இப்படித்தான் நான் குறைகளுக்காகப் பேசுகிறவள் ஆனேன். சம்பளம் கிடையாது, நாற்காலி உண்டு. மனுதாரர்களுக்கும் நாற்காலி போட்ட பிறகுதான் என்னுடையதில் உட்கார்ந்தேன்.

அடுத்த இரண்டு வாரமும் தோற்றேன். தோற்றாலும் சும்மா தோற்கவில்லை, ஒவ்வொன்றும் மதியச் சாப்பாடு வரை இழுத்தது. ஓர் எண்ணெய்க் கறை, தன்னை நான்கு சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ளி, துணியின் கரையோரத்தில் குடிவைக்கக் கேட்டது. கரையைத் தையலில் எப்படியும் உள்ளே மடித்துவிடுவார்கள், யாருக்கு என்ன நஷ்டம்? இடமாற்றம் எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று தீர்ப்பானது. முடிச்சு விழுந்த ஒரு நூல் தன்னை அவிழ்க்க வேண்டாம், ஆனால் ஏன் முடிந்தார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றது. அதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததால் தள்ளுபடி. எனக்கு இந்த மனுக்களைப் படிக்கப் படிக்க ஆவல் கூடிக்கொண்டே போனது. ஒரு துணிக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பதினான்காம் தறியில் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது.

பதிமூன்றிலிருந்து பதினாறு வரை ஓட்டுகிறவர் கமலவேணியக்கா. முப்பத்தெட்டு வயது. நடக்கும்போதே நான்கு தறியின் சத்தத்தையும் காதில் வைத்துக்கொண்டு நடப்பார், ஒன்று தடுமாறினால் மற்ற மூன்றையும் பார்க்காமல் நேராக அங்கே போவார். அன்றைக்கு வெட்டுக்கிளி பாவு நூல்களின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் துணியோடு துணியாக நெய்யப்பட்டிருக்கும். கேமராவின் ஓரத்தில் கண்ணு அதைப் பார்த்தது. இரண்டு கண், ஆறு கால், நான்கு சிறகு, எல்லாம் இருந்தன. அது துணியே இல்லை, வெட்டுக்கிளியாகப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. கண்ணு பச்சை விளக்கைக் காட்டிவிட்டது.

கமலவேணியக்கா தறியை நிறுத்தினார். வெட்டுக்கிளியைக் கையில் எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து தறியை மறுபடி ஓட்டினார். நின்று ஓடிய இடத்தில் துணியின் அகலம் முழுக்க மெல்லிய பட்டை ஒன்று விழுந்தது. விரல் கனம்கூட இருக்காது. சிவப்பு விளக்கு எரிந்து ரசீது வந்துவிட்டது.

நான் கேட்கிறேன், வெட்டுக்கிளியை உள்ளே வைத்து நெய்திருந்தால் ரசீது வந்திருக்குமா? வந்திருக்காது. இதைக் கண்ணிடமே கேட்டேன். பச்சை விளக்கைக் காட்டியது. கூப்பிட்டால் அது எப்போதும் அதைத்தான் காட்டும் என்பதால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விஷயம் பட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அந்த மாதத்தில் கமலவேணியக்காவின் மூன்றாவது ரசீது. ஒரே மாதத்தில் மூன்று மனு வந்த தறிக்காரரைக் கழிவறைக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் நினைக்கிற கழிவறை இல்லை. தறிக்குக் கீழே உதிரும் பஞ்சையும் வெட்டிய துண்டுகளையும் போட்டுவைக்கும் அறை. வேலை கஷ்டம் என்று சொல்ல முடியாது, உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே எல்லாமே எடைக்கணக்கு. வாசலில் ஒரு தராசு இருக்கிறது. அந்த வாசல் வழியாக உள்ளே போகிற எதுவும் அதில் ஏறி, எடையாகத்தான் உள்ளே போகும். ஆட்களும் அப்படித்தான். உள்ளே போனவர்களுக்கு அதற்குப் பிறகு எடைதான் பெயர்.

போன வருடம் போன ஓர் அக்காவுக்கு இப்போது பெயர் நாற்பத்தேழரை. நான் அவரிடம் போய், "முன்னாடி உங்க பேர் என்னங்க்கா?" என்று கேட்டேன்.

"முன்னாடி அம்பத்திரண்டு," என்றார். "அதுக்கும் முன்னாடி ஏதோ பூப் பேராட்ட இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை மதியம் கமலவேணியக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏம்புள்ள மிருதுளா, நீதான பேசற?"

"ஆமாங்க்கா. திங்கட்கிழமை உங்க பட்டைதான் முதல்."

"நீ நல்லாப் பேசறயாமா. ஆனா ஒண்ணுலயும் செயிக்கலையாமா."

"அது வேற விஷயம்."

"அது எப்படி வேற விஷயமாவும்?" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குத் தறி ஓட்டலீன்னாக் கூடச் சேரிதான். பஞ்சு பிரிக்கச் சொன்னாப் பிரிப்பேன். ஆனா என்ற பேரு இருக்குது பாரு, அது எங்கப்பன் மூணு நாளு ரோசன பண்ணி வச்ச பேரு. மொத நாளு கமலம்னாராமா. ரண்டாவது நாளு வேணின்னாராமா. மூணாவது நாளு ரண்டையும் விட மனசு வல்லையாமா. அதைப் போய் அறுவத்தொண்ணுன்னு கூப்புட்டா எப்படித் திரும்பிப் பாக்கறது?"

"அறுபத்தொண்ணா இருக்கீங்களா?"

"ஏன், அப்படித் தெரியலையா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எப்படியாச்சும் பண்ணு கண்ணு," என்றார். தூரத்தில் இருபத்து நான்கு பச்சை விளக்குகள் ஒன்றாக எரிந்து அணைந்தன.

அன்று சாயங்காலமே மனுதாரரைப் பார்க்கக் கிடங்குக்குப் போனேன். சுருளைப் பிரித்து ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாவது மீட்டரை மேசையில் விரித்தேன். பட்டை கூச்ச சுபாவம். நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்த்து, வெளிச்சத்தை ஒரு பக்கமாகக் காட்டினால்தான் முகம் கொடுக்கும். மனுவைச் சுருக்கமாக எழுதியிருந்தது. 'மேற்படி துணியில் மேற்கண்ட முகவரியில் வசித்துவருகிறேன். வயது ஒரு நாள். நான் குறை அல்ல என அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். வெட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

குறை அல்லவென்றால் வேறு என்ன? நூல் எண்ணும் கண்ணாடியை எடுத்து அதன் மேல் வைத்தேன். அது ஒரு அங்குலச் சதுரத்தைப் பெரிதாக்கிக் காட்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். இந்தத் துணியில் அங்குலத்துக்கு அறுபத்தெட்டு ஊடை இருக்க வேண்டும். பட்டைக்கு முன்னால் அறுபத்தெட்டு. பின்னால் அறுபத்தெட்டு. பட்டையின் மேல் எழுபத்தொன்று.

மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்றுதான். பட்டையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள்கிழமை தறிக்காரர்கள் ஆறு பேரும் பின் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுலோச்சனா மேடம் நடப்பதை எழுத நோட்டோடு உட்கார்ந்தார். பட்டை முன் வரிசையில் இரண்டு நாற்காலிகளின் மேல் நீளமாக விரிந்திருந்தது. சுவரில் கண்ணின் திரை. அதன் கீழே ரசீது அச்சடிக்கும் மெஷின்.

ரத்தினவேல் சார் ஸ்டாம்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம். குறைன்னா என்ன?" என்றேன்.

"தப்பு."

"தப்புன்னா தப்புன்னு போட்டிருக்கணும். இங்க அப்படிப் போடலையே. குறைன்னு போட்டிருக்கு. குறைன்னா குறைஞ்சிருக்கணும் இல்லையா?"

சார் சுலோச்சனா மேடத்தைப் பார்த்தார்.

"வார்த்தை நான் போட்டதுங்க," என்றார் மேடம். "குறைன்னா குறைஞ்சிருக்கணும். அதுல சந்தேகமே இல்லீங்க."

"அப்ப இதுல என்ன குறைஞ்சிருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க சார்," என்று கண்ணாடியை நீட்டினேன்.

அவர் குனிந்து எண்ணினார். முப்பதில் தும்மல் வந்து முதலிலிருந்து எண்ணினார். பின் வரிசையில் யாரோ, "சார், வெரலை வச்சுக்குங்க, விட்ருவீங்க," என்றார்கள். கடைசியில் நிமிர்ந்து, "எழுவத்தொண்ணு," என்றார்.

"இருக்க வேண்டியது அறுபத்தெட்டு. மூணு நூல் கூடியிருக்கு. கூடினது எப்படி சார் குறையாகும்? இது மிகை. உங்க கூட்டத்துக்கு என்ன பேர்? குறை கேட்கும் கூட்டம். மிகையைக் கூப்பிட்டு நிக்க வைக்கறதுக்கு உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு? அந்தக்கா வெட்டுக்கிளியை எடுக்கத் தறியை நிறுத்தினாங்க. நிறுத்தினதால துணிக்கு மூணு நூல் லாபம். அதுக்கு அவங்களை எடைக்குப் போடுவீங்களா?"

கண்ணின் திரையில் பட்டையின் படம் வந்தது, பெரிதானது, நின்றது. மெஷின் ஒரு தாளை வெளியே தள்ளியது. 'ரசீது ரத்து. மனுதாரர் குறை அல்ல.' மேடம் அதை உரக்கப் படித்தார். பின் வரிசையில் விசில் பறந்தது. கமலவேணியக்கா எழுந்து நின்று முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். பட்டை நாற்காலியில் இருந்தபடியே சற்று நிமிர்ந்தது.

நான் அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆனால் ரத்தினவேல் சார் ஸ்டாம்பைக் கீழே வைத்தபடி, தனக்குத்தானே கேட்பது போல, "அப்ப மத்த துணியெல்லாம்?" என்றார்.

கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் எனக்கு வாய் நிற்காது.

"மத்ததெல்லாம் இதைவிட மூணு நூல் குறைவு," என்றேன்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அது மதியம் இரண்டு மணி வரை ஓடியது. பதினான்காம் தறியின் முதல் ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு மீட்டருக்கும் ரசீது வந்தது. பிறகு மற்றத் தறிகளுக்கு. பிறகு கிடங்கில் இருந்தவற்றுக்கு. சுருள்கள் ஒவ்வொன்றாகக் கிடங்கிலிருந்து உருண்டு வந்து ஹாலில் இடம் பிடித்தன. நாற்காலி போதாமல் கேன்டீன் பெஞ்சுகளையும் கொண்டுவந்து போட்டோம். ஒரு சுருளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஈரமானால் தனக்கு ஆகாது என்று மறுத்துவிட்டது.

கணக்குச் சுலபமாக இருந்தது. ஆறு தறிக்காரர்கள். ஒவ்வொருவர் பேரிலும் மூன்றுக்கு மேல் மனு. கழிவறையில் ஆள் சேர்க்கும் நேரம் மாலை நான்கு மணி. தராசுக்கு எண்ணெய் போடச் சொல்லி ரத்தினவேல் சார் ஆள் அனுப்பிவிட்டார்.

"வக்கீலம்மா," என்றார் ஐந்தாம் தறியின் மாரப்பண்ணன். "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா கமலவேணி ஒருத்திதான் போயிருப்பா. இப்ப ஊர்வலமாப் போறோம்."

"என்ற வீட்டுக்காரிகிட்ட என்ன சொல்றது? இனிமே நான் எழுவத்தாறுன்னா?" என்றார் இன்னொருவர்.

"உங்களைப் பாத்தா எம்பத்தாறு சொல்லலாம்," என்றார் மாரப்பண்ணன்.

கமலவேணியக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது வாதம் செய்திருப்பேன். அவர் தன் ரத்தான ரசீதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பதினான்காம் தறிக்கே போய்விட்டார். நான்கு மணி வரை இருக்கிறதே, அதுவரை ஓட்டலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் கழிவறை வாசலுக்குப் போனேன். கதவில் விதிகள் ஒட்டியிருந்தன. இரண்டே இரண்டுதான், மேடம் டைப் செய்தவை. 'குறையுள்ள பொருள் கழிவு எனப்படும். கழிவு வைக்கப்பட்டுள்ள இடம் கழிவறை எனப்படும்.' 'கழிவறையின் வாசல் வழியாக உள்ளே நுழையும் யாவும் எடை போடப்படும்.' நான்கு முறை படித்தேன். மூன்று நாற்பத்தைந்து ஆகியிருந்தது. ரத்தினவேல் சார் தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நின்றிருந்தார். நாற்பத்தேழரை அக்கா உள்ளே பஞ்சுக் குவியலின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தறிக்கூடத்துல இப்ப இருக்கிற துணியெல்லாம் குறைதான?"

"ஆமா. நீ சொன்னதுதான."

"குறையுள்ளது கழிவு. விதியில இருக்கு."

"இருக்குது."

"கழிவு இருக்கிற இடம் கழிவறை. அப்ப தறிக்கூடம்தான் கழிவறை. அவங்க ஆறு பேரும் இப்பவே கழிவறையிலதான் இருக்காங்க. இனிமே எங்க போகச் சொல்றீங்க?"

சார் விதியைப் படித்தார். விரலை வைத்துப் படித்தார். "சேரி, இருக்காங்க. அப்ப அங்கயே தராசைக் கொண்டு போய் எடை போட்டர்லாம்."

"எப்படி சார் போடுவீங்க? வாசல் வழியா உள்ளே நுழையறவங்களைத்தான் எடை போடணும். அவங்க நுழையும்போது வாசல்ல தறிக்கூடம்னுதான் பலகை இருந்துச்சு. கழிவறைக்குள்ள அவங்க நுழையவே இல்லை. இருந்த இடத்துல இருந்தாங்க, அதுதான் கழிவறையா மாறிடுச்சு. நுழையாதவங்களை எடை போட எந்த விதியில இடம் இருக்கு?"

அவர் நோட்டை மூடினார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. "அப்ப இது என்ன?" என்று கழிவறைக்குள் கையைக் காட்டினார்.

உள்ளே பஞ்சு மலை மலையாகக் கிடந்தது. அதில் பாவு இல்லை, ஊடை இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் குறைவதற்கும் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். குறை இல்லாத பொருள் இருக்கும் இடம் தறிக்கூடம் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு வாசலிலும் இருந்த பெயர்ப்பலகைகளைக் கழற்றி மாற்றி மாட்டச் சொன்னார். நான்கு மணிச் சங்கு ஊதியபோது கடைசித் திருகு ஏறிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய்ச் சொன்னபோது கமலவேணியக்கா பதினான்காம் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். காதில் பஞ்சு இருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப என்ற பேரு?"

"இருக்குங்க்கா."

"எங்க, கூப்புடு."

"கமலவேணியக்கா."

"ம்," என்று திரும்பிப் பார்த்தார். முடிச்சை இறுக்கிவிட்டுத் தறியை ஓட்டினார். புதிதாக ஒரு பட்டை விழுந்தது. அங்கே எந்த விளக்கும் எரியவில்லை. தறிக்கூடம் அந்தப் பக்கம் போய்விட்டதால் கேமராக்களையும் அதற்குள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பலகை மாறியதில் நாற்பத்தேழரை அக்காவின் நிலைமை என்ன என்று ஒரு கேள்வி வந்தது. அவர் இப்போது தறிக்கூடத்தில் இருக்கிறார், பழைய பெயருக்கே திரும்பலாம் என்று மேடம் போய்ச் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, பழகிவிட்டது, இருக்கட்டும், அந்த அரையை மட்டும் எடுத்துவிட்டால் கூப்பிட வசதியாக இருக்கும் என்றார். எடுத்துக்கொடுத்தார்கள்.

என் கடைசி வாரத்தின் மீதி ஐந்து நாளும் கண்ணு பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு கேமராக்களும் குவியலைச் சுற்றி நின்றன. ஒரு ரசீதுகூட வரவில்லை. மில் ஆரம்பித்ததிலிருந்து குறையே இல்லாத ஐந்து நாள் அதுதான் என்று முதலாளி போனில் சொன்னாராம். தறிகளில் நெய்த துணி கழிவு என்று மூட்டை கட்டிப் போனது. அதை வாங்கிப் போகிறவர்கள் எப்போதும் போலச் சட்டைதான் தைத்தார்கள். தறிக்கூடத்துச் சரக்கான பஞ்சு மட்டும் வழக்கமாகத் துணி போகும் பெட்டிகளில், வழக்கமாகத் துணி போகும் நார்வேக்குப் போனது. பெட்டியின் மேல் பொறுப்பாளர் பெயர் எழுத வேண்டும். தறிக்கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் எண்கள்தான் இருந்தன. சரக்கின் மேல் எண்ணை எழுதினால் எடை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று மேடம் சொன்னார். ரசீது ரத்தானவர் ஒருவர்தான் என்பதால் எல்லாப் பெட்டிகளிலும் கமலவேணி என்று எழுதினார்கள்.

என் அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் திங்கள்கிழமைகளில் மில்லுக்குப் போகிறேன். அந்தச் சுருள்களின் மனுக்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன, வாரம் பதினைந்து பேர் என்று பேசி வருகிறேன். போன வாரம் கமலவேணியக்கா ஓர் உறையை எடுத்துக்கொண்டு வந்தார். நார்வேயிலிருந்து வந்திருந்தது. மேலே அவர் பெயர் தமிழிலேயே எழுதியிருந்தது, பெட்டியைப் பார்த்து வரைந்திருப்பார்கள். அதைக் கையால் தடவித் தடவி இரண்டு முறை படித்தார். பிறகு உள்ளே இருந்ததைப் படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"நல்லா இருக்குதாம்ங்க்கா. இருநூறு சட்டை தைச்சுட்டாங்களாம். காத்தடிச்சா சட்டை பக்கத்து வீட்டுக்குப் போயிருதாம். போற வீட்டுலயும் பிடிச்சுப்போய் அவங்களும் கேக்கறாங்களாம். நீலத்துல கிடைக்குமான்னு எழுதியிருக்காங்க."

"எப்ப வேணுமாமா?"

"பனி விழறதுக்கு முன்னாடி."

கமலவேணியக்கா தறிகளின் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்சம் யோசித்தார்.

"புதன்கிழமையில இருந்து நீலமாக் கொட்டச் சொல்லிப் பஞ்சுகிட்டச் சொல்லிப் போடறேன்," என்றார். "நீ கெடைக்கும்னு எழுதிப் போடு."

எழுதிப் போட்டேன்.